சும்மா கண்ணை மூடியிருந்தேன்

1

போன மாதம் டாக்டருடைய காத்திருப்பு அறையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். எதற்காகப் போயிருந்தேன் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழைக்கார ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். நாற்பத்தைந்து வயதாகிவிட்டால், 'இந்த ஆள் வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறான்' என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தக் கையெழுத்துக்குத்தான் போயிருந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டாளாம். மூன்றாவது முறை எழுந்து வந்து தோளைத் தொட்டாள். நான் திடுக்கென்று நிமிர்ந்து, "தூங்கவில்லை, சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. என் கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

படிவம் என்றால் அப்படி ஒரு படிவம். கண், காது, இதயம், சர்க்கரை எல்லாம் தாண்டித் தூக்கத்துக்கென்றே ஒரு பக்கம். பகலில் உங்களை அறியாமல் கண் அயர்வதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் நன்றாக அழுத்தி டிக் போட்டிருந்தேன். டாக்டர் சின்னப் பெண். அந்தக் கட்டத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றாள். ஏழு, எட்டு என்றேன், கூசாமல். நிஜத்தில் நாலரை மணி நேரம் தூங்கினால் அதிகம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, படிவத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் வரச் சொன்னாள். கையெழுத்துப் போடவில்லை.

என்னடா இது, ஒரு கையெழுத்துக்கு இத்தனை கெடுபிடியா என்று வெளியே வந்து காரில் உட்கார்ந்து புலம்பினேன். புலம்பிக்கொண்டே அங்கேயும் தூங்கிவிட்டேன்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று அந்த டாக்டருக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். நம் பக்கத்தில் தூங்கினேன் என்று ஒப்புக்கொள்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை. மதுரை பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் திருமங்கலம் வரைக்கும் சாய்ந்து குறட்டை விட்டுவிட்டு, "தூங்கிட்டீகளோ?" என்று கேட்டால், "இல்லையே, சும்மா கண்ண மூடியிருந்தேன்" என்பார்கள். எங்கள் சர்ச்சில் பிரசங்கம் முழுக்கத் தூங்குகிற பெரியவர் ஒருவர், ஜெபத்தில் இருந்தேன் என்பார். எங்கள் அப்பா ராஜபாளையத்தில் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். எங்கள் வீட்டில் பகலில் தூங்க அவர் ஒருவருக்குத்தான் உரிமை. மற்றவர்கள் கண் அசந்தால் அம்மா, "பட்டப்பகல்ல என்னலே தூக்கம், வீடு வெளங்குமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்படி வளர்ந்தவனிடம் வந்து பகலில் தூங்குவாயா என்று கேட்டால் அவன் என்ன டிக் போடுவான்?

2

நான் மட்டும் இல்லை, என் அண்ணன் செல்வராஜும் பஸ் டிரைவர்தான். ராஜபாளையத்தில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அதற்கு அப்பால் இருக்கும் ஒரு காலேஜில் இறக்குவார். காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் எட்டரைக்குள் காலேஜ். சாயங்காலம் நாலரைக்குத் திரும்ப எடுக்க வேண்டும். நடுவில் டிரைவர்கள் எல்லாரும் வண்டிகளை வேப்பமரத்து நிழலில் வரிசையாகப் போட்டுவிட்டு, ஜன்னலில் கைலியைக் கட்டி வெயிலை மறைத்து, கடைசி நீள சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவார்கள். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் அவர்கள் பொழப்பு ஓடுகிறது.

எனக்கு இங்கே சட்டம் வேறு. இத்தனை மணி நேரம் ஓட்டினால் இறங்கி அரை மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஓய்வு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, மேலதிகாரி கையோடு புகார் எழுதி அனுப்பிவிடுவார். என் ஓய்வு காலை எட்டரைக்கு. டிப்போ கேன்டீனில் ஒரு தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போடுவேன். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். அங்கே அப்போது பகல் ஒரு மணி.

போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவார்.

"என்னண்ணே, தூங்குனீங்களோ?"

"ஏலே, நான் எங்க தூங்குதேன்? சும்மாதான் உக்காந்திருக்கேன். சொல்லு."

குரல் கட்டியிருக்கும். தொண்டையைச் செருமிக்கொள்வார். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இந்த ஊரில் நாள் முழுக்க யாரும் என்னிடம் பேசுவதில்லை ஐயா. ஏறுகிறவன் நன்றி என்பான், இறங்குகிறவன் நன்றி என்பான், அவ்வளவுதான். தமிழில் 'ஏலே' என்று கூப்பிட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் இல்லை என்கிறார், நாமும் நம்பிவிடுவோம் என்று பேச்சை ஆரம்பித்துவிடுவேன்.

பேச்சு முக்கால்வாசி வீட்டைப் பற்றித்தான். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், சோழபுரத்தில், எங்கள் பங்கு இடத்தில் நான் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். நான் கட்டுகிறேன் என்று பெயர், நின்று கட்டியவர் அண்ணன். ஜன்னல் எம்புட்டு அகலம் வைக்க, படிக்கட்டு எந்தப் பக்கம் ஏற, கொத்தனார் வந்தாரா, கம்பி வந்ததா. எல்லாவற்றுக்கும் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். அவரும் அனுப்புவார்.

3

டாக்டரிடம் போய் வந்த மறுவாரம் என் மகள் ஷெரின் படிக்கும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பதினாலு வயது. காலை முதல் பாடத்தில் மேசை மேல் தலையை வைத்துத் தூங்குகிறாளாம். பெற்றோர் வந்து பேசவும் என்று எழுதியிருந்தது.

நானும் என் மனைவி மேரியும் போனோம். வகுப்பு ஆசிரியை நல்ல மாதிரி. வளரும் வயதில் பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகத் தூக்கம் தேவை, தூக்கம் குறைந்தால் படித்தது மனதில் நிற்காது, கோபம் வரும், உடம்பும் கெடும் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு, வீட்டில் எத்தனை மணிக்குப் படுப்பாள் என்று கேட்டாள். நானும் மேரியும் ஒரே சமயத்தில், ஒன்பதரை என்றோம். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமலே இரண்டு பேருக்கும் ஒரே பொய் வந்துவிட்டது. வாத்தியார் என்ன கேட்க விரும்புவாரோ அதைச் சொல்லித்தானே நாம் பழகியிருக்கிறோம்.

ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எங்கள் வீட்டில் சாப்பிடுவதே ஒன்பதரைக்குத்தான்" என்றாள் ஆசிரியையிடம். "பன்னிரண்டு மணிக்கு முன்னால் யாரும் படுப்பதில்லை. அப்பா நாலரைக்கு எழுந்துவிடுவார்." மேரி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள், மகள் பேசியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி வரைக்கும் போனில் என்ன வேலை, யாரிடம் பேச்சு? அவளுக்குத் தமிழ் உடைந்த தமிழ்தான். கோபம் வந்தால் அதுவும் இங்கிலீஷுக்குப் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. தமிழிலேயே சொன்னாள்.

"பிளெஸ்ஸி அக்காகூட."

பிளெஸ்ஸி என் அண்ணன் மகள், ப்ளஸ் டூ படிக்கிறாள். படிப்பதற்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பாள். அப்போது இங்கே ராத்திரி பதினொன்றரை. ஊரே வேண்டாம், தமிழே வேண்டாம் என்று இருக்கிறவள் என்று நான் நினைத்த மகள், தினமும் தூக்கத்தை விட்டு ஊரோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். திட்ட வாய் வரவில்லை.

"அக்கா பாவம்ப்பா. ரொம்ப அழுறா. பெரியப்பா ஆக்சிடென்ட்ல இருந்து அவளுக்குப் பயம்."

"என்ன ஆக்சிடென்ட்?"

அவள் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். எனக்குத் தெரிவதற்கு ஐந்து நாள் முன்னால், சாயங்கால ட்ரிப்பில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் வருகிற ரோட்டில், பஸ் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, அண்ணன் ஸ்டியரிங்கில் ஒரு நொடி அயர்ந்துவிட்டார். வண்டி மெல்ல இடது பக்கம் இறங்கி ஒரு சின்னப் பாலத்தின் சுவரில் உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். ஒரு பெண்ணுக்கு முன்சீட்டுக் கம்பியில் இடித்து உதடு கிழிந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. நாய் குறுக்கே வந்தது என்று அண்ணன் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் நாய் மேல் பழி போட்டால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. காலேஜில், இரண்டு வாரம் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம், தினம் வந்து ஸ்பேர் டிரைவராக உட்கார்ந்திரு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். வீட்டில் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். தம்பிக்குத் தெரிய வேண்டாம், அவன் அங்கே தனியாகக் கிடந்து தவிப்பான் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் என் போனை எடுத்து அந்தத் தேதியைத் தேடினேன். அன்றைக்கும் ஒரு மணிக்குப் பேசியிருக்கிறேன். கேன்டீனில் அரை மணி போதாமல், பஸ்ஸில் ஏறி உட்காரும் வரைக்கும் பேசியிருக்கிறேன். என்ன பேசினோம் என்று யோசித்தேன். பாத்ரூம் டைல்ஸ். வழுக்குமா, வழுக்காதா என்று பேசினோம்.

4

உடனே போன் போட்டேன். அங்கே ராத்திரி எட்டரை இருக்கும். அண்ணன் மனைவி, மதினிதான் எடுத்தார்கள். அண்ணன் சோழபுரம் போயிருக்கிறார், கான்கிரீட்டுக்குத் தண்ணி விட. மேல்தளம் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். எங்கள் மதினி அதிர்ந்து பேசாத ஆள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'தம்பி' என்று மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

"தம்பி, நான் சொல்லுதேன்னு கோவிக்காதீய. அவிய நாலு மணிக்கு எந்திரிக்காவ. சோழபுரம் போயி தண்ணி விடுதாவ. ஆறு மணிக்கு வண்டிக்குப் போறாவ. சாயந்தரம் வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு மறுபடியும் சோழபுரம். படுக்க பதினோரு மணி ஆவுது. மத்தியானம் செத்த நேரம் கண்ணசருதாவ பாருங்க, அதுதான் அவியளுக்குத் தூக்கம். அந்த நேரம் பாத்து உங்க போன் வருது. நான் ஒரு நாள் கேட்டேன், எடுக்காம இருந்தா என்னன்னு. புள்ள வெளிநாட்டுல தனியா கெடக்கான், எடுக்காம இருக்க முடியுமாங்காவ. உங்களுக்கு அது ரெஸ்ட்டு தம்பி. அவியளுக்கு என்ன?"

நான் என்ன சொல்ல? எனக்குச் சட்டம் போட்டு ஓய்வு கொடுக்கிறார்கள். அந்த ஓய்வை வைத்து என் அண்ணன் தூக்கத்தை நான் தின்றிருக்கிறேன். கேன்டீன் தேநீரோடு சேர்த்துத் தின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாளில் அவரிடம் ஒரு தடவையாவது, எத்தனை மணிக்குப் பேசினால் வசதி என்று கேட்டிருக்கிறேனா? இல்லை.

"திங்கக்கிழமை மறுபடியும் வண்டிய குடுக்காவ" என்றார்கள் மதினி. "நாப்பது புள்ளைய ஏறும். எனக்கு ஈரக்கொலை நடுங்குது தம்பி."

மறுநாள் காலையிலேயே, வேலை நேரத்துக்கு முன்னால், அண்ணனைப் பிடித்தேன். வீட்டு வேலையை நிறுத்துங்கள் என்றேன். கான்கிரீட்டுக்குத் தண்ணி விட கொத்தனாரே ஒரு ஆள் போடட்டும், பூச்சு வேலையை நான் லீவில் வந்து நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

"யார் சொன்னா உனக்கு? அவளா? ஏலே, பாதியில நிறுத்துன வீடுன்னு ஊரே சிரிக்கும்லே. நான் என்ன, முடியலன்னு உங்கிட்ட வந்து சொன்னேனா?"

"சொல்லலைண்ணே. அதனாலதான் சொல்லுதேன். பஸ்ல புள்ளைய இருந்துச்சுல்ல?"

அவர் போனை வைத்துவிட்டார்.

5

இங்கே நான் என் வேலையையும் பார்த்தேன். டாக்டரிடம் போய், அன்றைக்குப் போட்ட டிக் தவறு என்று சொன்னேன். சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவள் திட்டவில்லை. ஒரு மாதம் நேரத்துக்குத் தூங்கிவிட்டு வாருங்கள், அப்புறமும் பகலில் அசந்தால் பரிசோதனை செய்யலாம், சரியாகத் தூங்காத நாளில் டிப்போவுக்குச் சொல்லிவிட்டு வண்டியைத் தொடாமல் இருங்கள் என்றாள். ஆகவே இப்போது எங்கள் வீட்டில் ஏழு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதுக்கு எல்லாப் போனும் சமையலறை டிராயருக்குள். பிளெஸ்ஸியோடு ஞாயிற்றுக்கிழமை பகலில் பேசிக்கொள் என்று ஷெரினிடம் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். இந்த ஊரில் கோடையில் ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பது எனக்கும் சிரமமாகத்தான் இருக்கிறது. பழகின அலுப்பு ஒரு வாரத்தில் போய்விடுமா?

அண்ணனுக்குப் போன் போடுவதை நிறுத்தினேன். எட்டரைக்குக் கேன்டீனில் தேநீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் வியாழக்கிழமை, எட்டரைக்கு அவரே கூப்பிட்டார்.

"ஏம்லே போன் பண்ணல? கோவமா?"

"இல்லண்ணே. நீங்க தூங்கட்டும்னுதான்."

"எங்க தூங்க? ஸ்டியரிங்கத் தொடாம நாள் முழுக்கச் சும்மாதான் கெடக்கேன். ஆனா ஒரு மணி ஆனா முழிப்பு வந்துருது. இந்தா அடிக்கப் போவுது, இந்தா அடிக்கப் போவுதுன்னு போனையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அண்ணே, ஒண்ணு செய்ங்க. போன வைக்காதீங்க. தலைமாட்டுல வச்சுட்டுப் படுங்க. நான் இங்கதான் இருக்கேன். பேச மாட்டேன்" என்றேன்.

"கிறுக்கா உனக்கு?"

"படுங்கண்ணே."

முனகிக்கொண்டே படுத்தார். சீட்டு கிறீச்சிட்டது. காக்கா கத்தியது. தூரத்தில் யாரோ ஒரு டிரைவர் இன்னொருவரை வெற்றிலைக்குக் கூப்பிட்டார். அப்புறம் மூச்சு நீண்டது, கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. நான் தேநீரைக் குடிக்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அண்ணனோடு நிம்மதியாக இருந்தது போல் இருந்தது.

பத்து நிமிஷம் போயிருக்கும். உச்சத்துக்கு ஏறின குறட்டை சட்டென்று நின்றது. திரும்பிப் படுக்கிறார் என்று நினைத்தேன். சத்தம் இல்லை. காக்கா மட்டும் கத்துகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகர்கிறது, மூச்சு வரவில்லை. இன்னும் வரவில்லை. ஐயோ, எழுப்பவா, விடவா? எத்தனை தரம் எழுப்பியாயிற்று இந்த மனுஷனை! இன்றைக்குத்தான் ஒரு தூக்கம் தூங்குகிறார்.

"அண்ணே!"

கேன்டீனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி ஒரு மூச்சு வாங்கினார். இருமினார்.

"என்னலே! நல்லாத் தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன். ஏம்லே கத்துன?"

"மூச்சு நின்னு போச்சுண்ணே. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். எம்புட்டு நேரமோ வரவே இல்ல."

"மூச்சு நின்னா நான் எப்படிலே பேசுவேன்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "அவளும் சொல்லுதா. ராத்திரி தட்டித் தட்டி எழுப்புதாளாம். நான்தான் நம்பல" என்றார்.

"சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருல டாக்டரப் பாருங்க. மதினியக் கூட்டிக்கிட்டுப் போங்க. எப்படித் தூங்குதீங்கன்னு அவியளே சொல்லட்டும்."

"தூக்கத்துக்குப் போயி டாக்டரா? சிரிப்பாவலே."

"சிரிக்கட்டும்ணே. நாப்பது புள்ளைய ஏறும்."

நான் என் வண்டிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சரி, போறேன்" என்றார். "அவர் ஓட்டலாம்னு சொன்னாத்தான் திங்கக்கிழமை ஸ்டியரிங்கத் தொடுவேன். போதுமா?"

"போதும்ணே. பொறவு, அந்த ஜன்னலுக்கு…" என்று வாய் தன்பாட்டில் ஆரம்பித்துவிட்டது.

"ஏலே, போன வை. எனக்குத் தூக்கம் வருது" என்றார் அண்ணன்.